எட்டாம் வகுப்புக்கே வந்த காலேஜ்காரர்

அன்று காலை அந்தக் கல்லூரியின் வராந்தாவில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, நான், என் தங்கை பூங்கொடி. எங்களுக்குப் பக்கத்தில் தேவனூர் நாட்டிலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய தாய்மாமனும். அவர்களுக்கு அப்பால் காரவள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர், தன் மகளோடு. அம்மாவின் காலடியில் சாக்கில் சுற்றிய ஒரு பலாப்பழம். இருக்க வேண்டியவர்களில் இல்லாதவர் ஒருவர்தான். எங்கள் எல்லோரையும் அங்கே வரச் சொன்னவர்.

மூன்று பெண்களும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். மற்ற இரண்டு ஜோடியும் மண்ணேறிப் பழுத்துப்போயிருந்தன. பூங்கொடியுடையது மட்டும் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் பளிச்சென்று இருந்தது.

"எல்லாப் புள்ளைகளுக்கும் அவருதான் வாங்கிக் குடுத்திருப்பாராட்ட இருக்குது," என்றாள் அம்மா மெல்ல.

"அதுல தப்பில்ல. வியாபாரின்னா நாலு மரம் பேசத்தான் செய்வான். வெட்ட வந்தாச் செரி," என்றார் அப்பா.

எங்களை வரச் சொன்னவருக்குப் பெயர் உண்டு. எழுதினால் திட்டுவதுபோல் ஆகிவிடும். அவரைத் திட்டும் உரிமை எனக்கு இல்லை. எங்கள் மலையில் எல்லோரும் அவரைக் காலேஜ்காரர் என்றுதான் சொன்னோம். பெயர் இல்லாமலேயே ஐந்து வருடம் எங்கள் வீட்டில் பேசப்பட்டவர் அவர்.

மலைக்குக் கீழே, கீழ்நாட்டுத் தனியார் கல்லூரி ஒன்றில் வாலிபால் சொல்லிக்கொடுக்கும் வேலை. நெட்டையாக, ஒல்லியாக, சற்றுக் கூனலோடு இருப்பார். வலது கையின் சுண்டுவிரல் எப்போதோ பந்து பட்டு ஒடிந்து, வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறி வருவார். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு. நாற்பதாவது வளைவுக்குள் அவருக்கு வாந்தி வந்துவிடும். கையில் எலுமிச்சம்பழம் வைத்து மோந்துகொண்டே வருவார், பயனிருக்காது. ஒருமுறை அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். "ஏனுங்க சார், வண்டிய நிறுத்தட்டுங்களா?" என்று கண்டக்டரே வந்து கேட்டார். முகமெல்லாம் வெளுத்திருக்க, "பரவால்லீங்க, நீங்க போங்க, மத்தவங்களுக்கு நேரமாகுமில்ல," என்றார். அடுத்த வளைவில் தன் துண்டிலேயே வாந்தி எடுத்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதுதான் அவர். எதிரே நிற்கும் முகம் வாடுகிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. கேழ்வரகுக் களி அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது எங்களுக்கு நான்காம் வருடம்தான் தெரிந்தது. அதுவரை அம்மா போட்ட இரண்டாம் உருண்டையையும் விழுங்கிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பஞ்சாயத்துக்காரர் ஒருவர் தன் மகனையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். அந்தப் பையன் மேசை உயரம்தான் இருப்பான். "வளரட்டுமுங்க, பாத்துக்கலாமுங்க," என்றார். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு வாலிபால் வலை கேட்டார். அதற்கும் "ஆகட்டுமுங்க." அந்த வலையை அவர் உண்மையாகவே கொண்டுவந்தார். கல்லூரியில் கழித்துப் போட்டதை வாங்கி, கிழிந்த இடத்தையெல்லாம் தானே நைலான் நூலால் முடிந்து, தோளில் சுமந்து வந்தார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதன்முதலில் அவர் எங்கள் பள்ளிக்கு வந்தபோது நான் பன்னிரண்டாவது, பூங்கொடி எட்டாவது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இரண்டாவது அவள். அன்று அவர் வரிசையாகப் பிள்ளைகளை நிற்க வைத்தார். விரல் நுனியைச் சுண்ணாம்புப் பொடியில் தோய்த்து, எம்பிக் குதித்துச் சுவரைத் தொடச் சொன்னார். எல்லார் விரல் தடமும் ஒரு வரிசையில் விழுந்தது. பூங்கொடியின் தடம் தனியாக, ஒரு முழம் மேலே கிடந்தது. அவர் கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரு சாக்பீஸ் எடுத்து, அந்தத் தடத்தைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம் போட்டார்.

"ஏங்கண்ணு, உங்கம்மா எவ்வளவு ஒசரம்?" என்று அவளிடம் கேட்டார்.

"எங்கப்பனுக்கு மேலயே இருக்குமுங்க," என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவளுடைய பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிளகு மூட்டையோடு பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்தார்.

"ஏனுங்க, செவுத்துல என்னமோ குறி போட்டிருக்கறீங்க?"

"உங்க புள்ள எட்டுன ஒசரமுங்க. எங்க காலேஜ்ல இருக்கற புள்ளைகளே இதுக்குக் கீழதானுங்க. முன்னெல்லாம் பன்னெண்டாவதுல வந்துதான் ஆள் பாப்போம். இப்ப மத்த காலேஜ்காரங்க பத்தாவதுக்கே வந்தர்றாங்க. அதான் நான் எட்டாவதுக்கே வந்துட்டேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "பன்னெண்டு முடிச்சதும் இவ நேரா எங்ககிட்ட வரட்டும். பாஸ் பண்ணுனாப் போதும். சீட்டு, ஹாஸ்டலு, சோறு, எல்லாம் நான் பாத்துக்கறேன். உங்களுக்கு ஒத்தப் பைசா செலவில்லீங்க."

"அப்ப எங்க புள்ளையப் பேசிட்டீங்கன்னு வெச்சுக்கலாமுங்களா?"

"பேசியாச்சுங்க."

அடுத்த மாதம் அந்த ஷூவைக் கொண்டுவந்தார். இரண்டு அளவு பெரியது. "கால் வளருமுங்க. பன்னெண்டாவதுல கரெக்டா இருக்கும் பாருங்க," என்றார்.

எங்கள் பக்கத்தில் பலா வியாபாரம் எப்படி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காய் பிஞ்சாக இருக்கும்போதே கீழ்நாட்டு வியாபாரி வந்து மரத்தைப் பார்ப்பான். பிடித்த மரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி போடுவான். கையில் அச்சாரமாக ஏதாவது கொடுப்பான். பத்து ரூபாயும் இருக்கும், ஒரு வேட்டியும் இருக்கும். எழுத்து கிடையாது. அதன்பின் அந்த மரத்தை வேறு யாருக்கும் காட்டக் கூடாது. இரண்டு பங்கு விலை வந்தாலும் கூடாது. அச்சாரத்தை வெட்டும் நாள் வரைக்கும் செலவழிக்கவும் கூடாது. காய் சொத்தையாகிப் போனால் மரத்துக்காரன் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே. ஒரு வருடம் குறி போட்ட வியாபாரி பத்து நாள் தாமதமாக வந்தான். பழம் மரத்திலேயே வெடிக்கத் தொடங்கி, ஊரே மணத்தது. வாசலில் வேறு லாரி வந்து நின்றது. அப்பா வெட்ட விடவில்லை. பத்தாம் நாள் அவன் வந்தான். காசைக் குறைக்காமல் கொடுத்தான். அப்பாவுக்கு அது போதும்.

சுவரில் சுண்ணாம்பு வட்டம், கையில் ஷூ. அப்பாவுக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்றோடு பூங்கொடி வீட்டில் குறி போட்ட மரமானாள். மரவள்ளிக் கிழங்கு மூட்டை அவள் தலைக்கு ஏறவில்லை. காலேஜ்காரர் சொல்லிவிட்டார் என்று தினம் ஒரு முட்டை. நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வரும் முட்டை, பாதி விரிசலோடு வரும். எனக்குப் பரீட்சை நேரத்தில்கூட அம்மா முட்டை தந்ததில்லை. "உனக்கெதுக்குடா, நீ என்ன எம்பியா குதிக்கப்போறே?" என்பாள். ஷூப் பெட்டியை அப்பா பரண்மேல் வைத்துவிட்டார். பூங்கொடி ஒருநாள்கூடப் போட்டதில்லை. வெறுங்காலோடுதான் ஆடினாள்.

ஆடினாள் என்பதும் சரியில்லை. அவளுக்கு ஈடாக ஆட அங்கே யாருமில்லை. காலேஜ்காரர் வரும் அந்த ஒரு சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அவளுக்கு எதிரில் பள்ளிக்கூடச் சுவர்தான். மண் நிரப்பிய சைக்கிள் டியூபை இடுப்பில் கட்டிக்கொண்டு படியேறிக் குதிப்பது, சுவரில் இருநூறு தடவை பந்தடிப்பது. எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். பந்து தவறினால் மைதானத்தின் சரிவில் உருண்டு மிளகுத் தோட்டத்துக்குள் போய்விடும். போய் எடுத்துவந்து மறுபடி அடிப்பாள். ஒவ்வொரு வருடமும் அவர் அந்த வட்டத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டார். வட்டம் போடும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. "சொன்னனா இல்லியா?" என்று அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு கணம் கூனல்கூட நிமிர்ந்துவிடும்.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு கடிதம் வந்தது. தலைமையாசிரியர் அவளை ஒரு தேர்வுப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கே அவள் குதித்ததைப் பார்த்துவிட்டு, அரசு விளையாட்டு விடுதியிலிருந்து எழுதியிருந்தார்கள். வந்து சேர்ந்துகொள்ளலாம், படிப்பும் அங்கேயே, செலவு அரசுடையது. வீட்டில் அதிகம் படித்தவன் நான். உரக்கப் படித்தேன்.

பூங்கொடி அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். "அங்க தெனம் மேட்சு ஆடுவாங்களாண்ணா? எதிர்ல நெசமாவே ஆளு நிக்குமா?" என்று கேட்டாள்.

"நிக்கும்."

அவள் அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினாள். அப்பா என்னைப் பார்த்தார். "பேசின புள்ளையாச்சே. நீ படிச்சவன் சாமி, நீ சொல்லு."

அதற்குமுன் அப்பா என்னிடம் யோசனை கேட்டதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படித்தவன் என்றால் நேர்மையாகத்தானே பேச வேண்டும்? "வாக்குக் குடுத்தா குடுத்ததுதானுங்கப்பா," என்றேன். இருந்தாலும் காலேஜ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று காத்திருந்தோம்.

அந்த மாதச் சனிக்கிழமை அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தார். அந்த விடுதிக்குப் போனால் அவள் மாநில அளவில் ஆடுவாள், சர்டிபிகேட் கிடைக்கும், எந்தக் கல்லூரியும் கூப்பிடும் என்பது அவருக்குத் தெரியும். அவளை அவர் இழந்துவிடுவார் என்பதும் தெரியும். அவருடைய வேலை நிரந்தரமில்லாதது. எத்தனை ஆள் கொண்டுவருகிறார் என்பதைப் பார்த்துத்தான் வருடா வருடம் நீட்டிப்பார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது அப்பாவின் முகம். "நீங்க பேசின மரத்தை நாங்க யாருக்கும் காட்டலீங்க," என்று சொல்லிவிட்டு, பாராட்டுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலேஜ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க இஷ்டமுங்க," என்றார். எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, "இங்கயே இருந்தாலும் நல்லதுதானுங்க. நான் இருக்கறனில்ல," என்றார்.

மறுநாள் அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதினேன். கோடு போட்ட தாளில், மசிப் பேனாவால். என் தங்கையை ஏற்கெனவே ஒரு கல்லூரியில் பேசி முடித்துவிட்டபடியால் தங்கள் விடுதியில் சேர்க்க இயலாத நிலையில் உள்ளோம், மன்னிக்கவும். எழுதி முடித்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். என் கையெழுத்து எனக்கே அழகாக இருந்தது. அப்பா அதைப் படிக்கத் தெரியாமலேயே கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூங்கொடிக்குப் பன்னிரண்டாவது முடிந்தது. தேறினாள், அவ்வளவுதான். நான் அப்போது நாமக்கல்லில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் என்றால் என்ன, கடைசித் தேதி என்றால் என்ன என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வேறு எந்தக் கல்லூரிக்கும் அவளுக்காக ஒரு விண்ணப்பம் வாங்கவில்லை. "பேசின புள்ளைக்கு வேற எடத்துல எழுதிப் போடறதாடா?" என்றார் அப்பா. நான் தலையாட்டினேன்.

அந்தக் கல்லூரி வராந்தாவுக்குத் திரும்பி வருகிறேன். காலை பத்து மணிக்கு ஒரு மேடம் வந்தார். விளையாட்டுத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர் என்று பியூன் சொன்னார். அவரே மூன்று பெண்களையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அன்று காலையில்தான் அப்பா ஷூவைப் பரணிலிருந்து இறக்கியிருந்தார். அவளுக்கு அது அச்சாகப் பொருந்தியது. அந்த விஷயத்தில் காலேஜ்காரர் சொன்னது ஒரு நூல்கூடத் தவறவில்லை.

ஐந்து வருடம் வெறுங்காலில் ஆடியவள் முதல்முறையாக ஷூவோடு எம்பினாள். இறங்கும்போது தடுமாறினாள். இரண்டாவது முறை நன்றாகவே எம்பினாள். மேடம் புருவத்தை உயர்த்தினார். பிறகு வலைக்கு அந்தப்புறம் இரண்டு கல்லூரிப் பெண்கள் கையை உயர்த்தி நின்றார்கள். பூங்கொடி அடித்த பந்தெல்லாம் அவர்கள் கையில் பட்டு அவள் காலடியிலேயே விழுந்தது. சுவர் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும், ஆள் நகரும். அதை அவளுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. மற்ற இரண்டு பெண்களுக்கும் அதேதான்.

"தாவறது நல்லாத் தாவுது. மேட்சே ஆடுனதில்லையா?" என்று என்னிடம் கேட்டார் மேடம். "ஸ்டேட் லெவல் சர்டிபிகேட் ஏதாச்சும் இருக்கா? இருந்தா மேனேஜ்மெண்ட்ல பேசிப் பாக்கறேன். இந்த வருஷத்துலருந்து அது இல்லாம ஸ்போர்ட்ஸ் சீட்டு தரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

இல்லை என்றேன்.

"சார் எட்டாவதுலயே பேசிட்டாருங்க," என்றார் அப்பா. மேடத்துக்கு அது புரியவில்லை. அப்பா மறுபடியும் சொன்னார், இந்த முறை கையால் சுவரில் வட்டம் போட்டுக் காட்டினார். "அஞ்சு வருசமா யாருக்கும் காட்டலீங்க."

மேடம் கெட்டவரில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் ஏதோ படித்தவன் மாதிரி இருந்தேன். "அவரு சொன்னதுக்கு எழுத்து எதுவும் இல்லையேங்க. பணம் கட்டிச் சேர்றதுன்னா ஆபீஸ்ல கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆபீஸில் கேட்டோம். அந்தத் தொகையைக் கேட்டதும் அப்பா திரும்பிவிட்டார்.

"சார் எங்கீங்க?" என்று பியூனிடம் கேட்டாள் அம்மா.

"இப்பத்தான் இங்க இருந்தாரு," என்று அவர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். சுவரில் காலேஜ்காரருடைய பை தொங்கியது. அதே பை. மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். பலாப்பழத்தைப் பியூனிடம் கொடுத்து, அவரிடம் சேர்த்துவிடச் சொன்னாள் அம்மா. "எடுத்துட்டுப் போயிறலாமுங்கம்மா," என்றாள் பூங்கொடி. "அவருக்குன்னு வெட்டினது கண்ணு," என்றாள் அம்மா.

திரும்பும் பஸ்ஸில் பூங்கொடி ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து ரத்தம் பட்டிருந்தது.

அந்த வருடமே அவள் கீழே ஒரு நூல் மில்லுக்குப் போனாள். ஹாஸ்டலும் சோறும் அங்கேயும் உண்டு. உயரமாக இருப்பதால் மேல் வரிசையில் நூல் அறுந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். "எல்லாரும் ஸ்டூல் போட்டு ஏறுவாங்கண்ணா. நான் அப்படியே எட்டிருவேன்," என்றாள், முதல் விடுமுறைக்கு வந்தபோது. அப்போதுதான் இன்னொன்றும் சொன்னாள். அன்று கல்லூரியை விட்டு வெளியே வரும்போது சைக்கிள் ஸ்டாண்டில், வண்டிகளுக்கு நடுவில் காலேஜ்காரர் குனிந்து நின்றிருந்தாராம். அவள் மட்டும் பார்த்திருக்கிறாள்.

"ஏண்டி அன்னிக்கே சொல்லல?"

"கையெடுத்துக் கும்பிட்டாருண்ணா. நானும் கும்பிட்டுட்டு வந்துட்டேன். வேற என்ன பண்றது?"

அவர் முன்னால் வந்து, "என்னால முடியலீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா ஏற்றுக்கொண்டிருப்பார். அவர் சொல்லாததால் அப்பா தன் கணக்கில் வேறொரு முடிவுக்கு வந்துவிட்டார். வியாபாரி வந்து பார்த்துவிட்டு வெட்டாமல் போனால் என்ன அர்த்தம்? காய் சொத்தை. குறை நம் பக்கம்.

"ஷூவைத் திருப்பிக் குடுத்தரோணும்," என்றார் ஒருநாள்.

"போட்டுட்டாளுங்களே. ரத்தம் பட்டிருக்குதுங்க," என்றேன்.

"அப்ப காசாக் குடுத்தரலாம். பெட்டியில வெலை ஒட்டியிருக்குது பாரு."

பெட்டியில் நூற்று முப்பத்தொன்பது ரூபாய் தொண்ணூற்றைந்து பைசா என்று இருந்தது. அப்பா நூற்று நாற்பது ஆக்கினார். பூங்கொடி மில்லிலிருந்து அனுப்பிய முதல் பணத்திலிருந்து எடுத்துத் தந்தார். "இது வேண்டாமுங்கப்பா. தப்பு நம்ம பக்கம் இல்லீங்க," என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த விடுதிக் கடிதத்தையும், அதற்கு நான் எழுதிய பதிலையும் நினைவுபடுத்தியிருக்க வேண்டும். அப்பாவின் நிம்மதியான முகத்தைப் பார்த்தேன். என் வாயிலிருந்து "ஆகட்டுமுங்க" என்றுதான் வந்தது. அது யாருடைய சொல் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

மணியார்டர் பாரத்தை நானே நிரப்பினேன். சேதி எழுதும் இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "எங்க பக்கம் பாக்கி இல்லீங்கன்னு எழுது," என்றார் அப்பா. அதே அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அவர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அதுவும் ஒருவகையில் வேண்டாம் என்று சொல்வதுதானே, அவருக்கு அது வராது. தபால்காரர் நீட்டியதும் வாங்கிக்கொண்டுவிட்டார். பெற்றுக்கொண்டதற்கான சீட்டு இரண்டு வாரத்தில் வந்தது. ஒடிந்த விரலோடு போட்ட கோணல் கையெழுத்து, வேறு ஒரு வரியும் இல்லை. அப்பா அதை அந்தக் காலி ஷூப் பெட்டிக்குள் போட்டு, பரண்மேல் பழைய இடத்திலேயே வைத்தார். ஷூவுக்கு நூற்று நாற்பது, மணியார்டர் கமிஷன் ஏழு. ஆக நூற்று நாற்பத்தேழு ரூபாய்.